எபெத் மூட்டை

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிற பெண். நான் வெளியே வந்த பிறகுதான் அவள் உள்ளே போனாள். இருந்தாலும் பழைய சங்கதி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என் நம்பருக்குத்தான் போன் வரும்.

"சார், கயிறு ரூம்ல ஒரு கோணி மூட்டை தொங்குது. உள்ள பூரா பழைய துணி. தீப்பிடிக்கிற சாமான்னு ஆடிட்ல எழுதிட்டாங்க. தூக்கிப் போடலாம்னா கலாசி ஆளுங்க விட மாட்டேங்கிறாங்க. எபெத் மூட்டையாம். எபெத்னா என்னன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. கயிறுல அது ஒரு வகையா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபமும் வந்தது.

"கயிறும் இல்ல, கப்பியும் இல்லம்மா. அது ஒரு மனுஷன் பேரு. அதுலயும் பாதிப் பேரு."

"அப்ப மீதிப் பாதி?"

போனில் சொல்கிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன வாய்க்காக இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளம் தாண்டி வேலைக்குப் போனவன். விம்கோ நகருக்கும் எண்ணூருக்கும் நடுவே, பெயின்ட்டில் கலக்கிற வெள்ளை மாவு தயாரிக்கும் கம்பெனி. பெயர் வேண்டாம், கை மாறிவிட்டது. அங்கே நான் கலாசி. கிரேன் நுழைய முடியாத இடத்தில் கயிறு, சங்கிலி, கப்பி வைத்துக் கனமான சாமானைத் தூக்கி இறக்குகிறவனைக் கலாசி என்பார்கள். கப்பல் வேலையிலிருந்து வந்த பெயர். சாமானை மெல்லக் கீழே விடுவதற்கு நாங்கள் கொடுக்கிற "ஆரியா" என்ற குரலும் அங்கிருந்து வந்ததுதான். தொழில் கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது, அப்புறம் காய்த்தது. அவ்வளவுதான் படிப்பு.

எங்கள் மேஸ்திரி பெயர் மெலேக். இங்கிலீஷில்தான் கையெழுத்துப் போடுவார்: ஈ. மெலேக். நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவர். அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இங்கே வந்து மளிகைக் கடை, பாத்திரக் கடை என்று நிலைத்துவிட்டார்கள். இவர் மட்டும் கயிறு பிடிக்க வந்தார். எங்கள் கேங்கில் வண்ணாரப்பேட்டை பஷீர் என்று ஒருவன். வாய் சும்மா இருக்காது. "ஈன்னா இன்னா மேஸ்திரி? ஈசாக்கா? இல்ல, மொய்க்குமே அந்த ஈயா?" என்று வம்புக்கு இழுப்பான். மேஸ்திரி, "வேலையப் பாருலே" என்று நகர்ந்துவிடுவார்.

காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை கயிறு பார்ப்பது. சுருளைப் பிரித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மூடிய கைக்குள் விட்டு இழுப்பார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். எங்கேயாவது ஒரு பிரி உறுத்தினால் கை நின்றுவிடும். அந்த இடத்தில் கயிற்றை வெட்டி இரண்டாக்கிவிடுவார். நல்ல கயிற்றை வீணாக்குகிறார் என்று ஸ்டோரிலிருந்து சண்டைக்கு வருவார்கள். "சரி சார்" என்பார். மறுநாளும் வெட்டுவார்.

அந்தச் "சரி சார்"தான் எங்களுக்கு ஆகாது. மேனேஜர் எதிரே வந்தால் போதும், தலையில் கட்டிய துண்டு இடுப்புக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற மனிதரை அன்றைக்கே வேலைக்கு வரச் சொன்னாலும் சரி சார். கேங்குக்கு வர வேண்டிய கையுறை வரவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்றாலும் சரி சார். பஷீர் அவருக்குச் "சரிசார்" என்றே பெயர் வைத்திருந்தான். கயிற்றிடம் அவ்வளவு கறாராக இருக்கிறவர் ஆளிடம் ஏன் இப்படிக் குழைகிறார் என்று எனக்கும் எரிச்சல்தான்.

இனி தேசிங்கு. என் மனைவியின் தம்பி. கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. எங்கள் கம்பெனியிலேயே கான்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்த்துவிட்டிருந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது.

அன்றைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. மாவு கழுவுகிற பெரிய மெஷின் ஓடுவதைப் பார்க்க வருகிறார்கள். மேனேஜர் மெயின் கேட்டில் மாலையோடு நின்றிருந்தார். எந்தக் காரணத்துக்கும் மெஷினை நிறுத்தக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு.

மாவு கழுவிய தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக ஒரு பெரிய குழியில் போய் விழும். சம்ப் என்போம். இரண்டு ஆள் ஆழம். பாதி மூடியிருக்கும், பாதி திறந்தே கிடக்கும். அடியில் வெள்ளைச் சேறு. மேலே பார்த்தால் காய்ந்த தரை மாதிரிதான் தெரியும், கால் வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். அன்றைக்குப் பார்த்து அதன் பம்ப் அடைத்துக்கொண்டது. கான்ட்ராக்டரின் ஆள் ஏணியைப் போட்டுத் தேசிங்கை இறக்கிவிட்டான். ஏணியின் கால் சேற்றில் புதைந்து சாய்ந்தது. தேசிங்கு நெஞ்சு வரை சேற்றில்.

நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்ததும் சின்னக் குரலில் பேசினான்.

"மாமா, காலு அசைய மாட்டேங்குது மாமா. கீழ இன்னாவோ புடிச்சி இழுக்குது."

"ஒண்ணும் இல்லடா. ஆடாம நில்லு. தோ, வந்துகினே கீறோம்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய்க்காலிலிருந்து தண்ணீர் அவன் தோளுக்குப் பின்னால் விழுந்துகொண்டே இருந்தது. பம்ப் நின்றுவிட்டதால் வெளியே போக வழி இல்லை. சேற்றுக்கு மேல் தண்ணீர் ஏறிக் கழுத்தெலும்பைத் தொட்டுவிட்டது. வாய்க்கால் ஷட்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மேஸ்திரி வாய்க்காலில் முழங்கால் வரை இறங்கி அசைத்துப் பார்த்தார், நகரவில்லை. தண்ணீரை நிறுத்த ஒரே வழி, அந்த மெஷினை நிறுத்துவதுதான்.

பாலாஜி என்ற இளம் இன்ஜினீயர் அங்கே இருந்தார். நல்ல பிள்ளை. மெஷின் ஆப்பரேட்டரிடம் ஓடினார். மேனேஜர் வாயால் சொன்னால்தான் நிறுத்துவேன் என்று அவன் கையை விரித்துவிட்டான். கேட்டுக்குப் போன் போட்டார். "வண்டி உள்ள நுழையுது, நீங்களே எப்படியாவது சமாளிங்க" என்று பதில் வந்தது. பாலாஜி சார் திரும்பி வந்து அதை எங்களிடம் சொன்னார்.

இதற்குள் பஷீர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத் தயாராகிவிட்டான். மேஸ்திரி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கலே போற? நீயும் உள்ள போனா ரெண்டு பேரத் தூக்கணும். யாரும் இறங்கப்பிடாது. முக்காலியக் கட்டுங்க. நான் வாரேன்."

தலையில் இருந்த துண்டை அவிழ்த்தார். வழக்கம்போல இடுப்பில் கட்டுவார் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்துவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தார்.

நான் குழி ஓரத்தை விட்டு நகரவில்லை. கேட்டில் நடந்ததைக் கூடப் போன பாலாஜி சார்தான் பிறகு சொன்னார். வந்தவர்கள் காரிலிருந்து இறங்கி நிற்கிறார்கள். மேனேஜர் மாலையைத் தூக்குகிறார். முழங்கால் வரை வெள்ளைச் சேறோடு மேஸ்திரி நடுவில் போய் நின்றாராம். கையைக் கட்டவில்லை.

"ஐயா, சம்புக்குள்ள ஒரு ஆள் கிடக்கான். தண்ணி கழுத்துக்கு வந்துட்டு. மெசின நிறுத்தச் சொல்லுங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம் பேசலாம் மெலேக்" என்றாராம்.

"அப்புறம் பேச அவன் இருக்க மாட்டான்யா. அந்தச் சேத்துக்குள்ள ஆள இறக்கினதே தப்பு. நீங்க சொன்னாத்தான் நிறுத்துவானாம். சொல்லுங்க."

மேனேஜர் வந்தவர்களைப் பார்த்தார், கையில் இருந்த மாலையைப் பார்த்தார். பிறகு பாலாஜி சாரிடம் "நிறுத்துங்க" என்றார். யாராவது வந்து தன்னை இப்படிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது என்று பாலாஜி சார் சொன்னார். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பகலும் ராத்திரியும் காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றதுதான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பெனிக்குள் நின்றுகொண்டு கடல் இரைச்சலைக் கேட்டேன்.

தண்ணீர் நின்றுவிட்டது. ஆனால் சேறு ஆளை விடாது. மூன்று பைப்பை நட்டு முக்காலி கட்டி, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டிருந்தோம். பஷீர் கயிற்றில் சுருக்குப் போட்டு வைத்திருந்தான். மோட்டாரானாலும் பைப்பானாலும் நாங்கள் சுருக்குத்தான் போடுவோம். பாரம் ஏற ஏற இறுகும், நழுவாது. பழகிய கை அதைத்தானே செய்யும்? மேஸ்திரி திரும்பி வந்ததும் அந்தச் சுருக்கைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பிரித்தார். இறுகாத முடிச்சாக ஒரு பெரிய வளையம் போட்டார்.

"மோட்டார்னா சரி. இது மனுசன், விலா ஒடிஞ்சு போவும். பழைய துணி கொண்டாங்க. கிழிஞ்சதா, மெத்துன்னு இருக்கணும்."

மெஷின் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டை அள்ளிக்கொண்டு வந்தோம். பெருக்குகிற அஞ்சலையக்கா, ஓய்வறையில் வைத்திருந்த தன் பழைய புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றை இரண்டு பந்தாகச் சுருட்டி, ஒரு மெல்லிய கயிற்றில் கட்டி முதலில் கீழே விட்டார்.

"தேசிங்கு, இத ரெண்டு அக்குள்லயும் வையி. நல்லா உள்ள திணி. அதுக்கு மேல வளையத்த மாட்டு."

"துணி இன்னாத்துக்கு மேஸ்திரி? சீக்கிரம் இழுங்க!"

"வைடே. நான் எங்கயும் போவல. வச்சுட்டுச் சொல்லு."

அவன் ஒரு பக்கம் திணித்தான். இன்னொரு பக்கத்துத் துணி நழுவிச் சேற்றில் விழுந்தது. மேஸ்திரி மறுபடி சுருட்டினார், மறுபடி கட்டினார், மறுபடி விட்டார். கயிறு பார்க்கும்போது எப்படியோ அப்படியே, ஒரு அவசரமும் இல்லை. என் மனைவிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த நேரத்தில் எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. நிஜமாகவே அடிக்கலாம் போலிருந்தது.

பிறகு ஒரு ஹோஸ் பைப்பைக் கேட்டு வாங்கி, அவன் உடம்பை ஒட்டிக் கால் பக்கமாகத் தண்ணீரை விடச் சொன்னார். இவ்வளவு நேரம் தண்ணீரை நிறுத்தப் போராடியவர் இப்போது தண்ணீர் கேட்கிறாரே என்று பஷீர் முறைத்தான். சேறு இளகினால்தான் பிடி விடும். சங்கிலியை என்னிடம் கொடுத்தார். ஒரு கண்ணி இழுத்ததும் என் மணிக்கட்டில் கையை வைத்து நிறுத்துவார். தேசிங்கின் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் கையை எடுப்பார். இன்னொரு கண்ணி. கடைசியில் சேறு ஒரு பெரிய உறிஞ்சலோடு விட்டது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. என் மச்சான் தலை முதல் கால் வரை வெள்ளையாக மேலே வந்தான். தரையில் உட்கார வைத்ததும்தான் அழ ஆரம்பித்தான். நானும் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். அக்குளில் சிவந்திருந்தது, அவ்வளவுதான். தோல் கிழியவில்லை, தோள் நழுவவில்லை. சேற்றிலிருந்து இழுத்தோம் என்றபோது டாக்டர் நம்பவில்லை.

அடுத்த வாரம் மேஸ்திரியை ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "சரி சார்" என்று போய்விட்டார்.

தேசிங்கு மறுபடி வேலைக்கு வந்ததும் அவனையும் பஷீரையும் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனேன். துருப்பிடித்த பைப்புகளுக்கு நடுவே ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தேசிங்கு அவர் காலைத் தொடப் போனான். அவர் காலை இழுத்துக்கொண்டார். டீ வந்தது.

"மேஸ்திரி, நெஞ்சு வரிக்கும் சேத்துல கீறேன், உங்களுக்குத் துணி வெக்கணும்னு எப்டி தோணுச்சி?" என்று கேட்டான்.

"அது எம் பேருல கிடக்குடே" என்றார்.

அப்போதுதான் அந்த ஈ வெளியே வந்தது. அவருடைய முழுப் பெயர் எபெத்மெலேக். எபிரேயப் பெயர், வேதாகமத்தில் வருகிறது. எபெத் என்றால் அடிமை. மெலேக் என்றால் ராஜா. ராஜாவின் அடிமை. இவருடைய அப்பா ஊர்க் கோயிலில் வேதம் சொல்லித் தருகிற உபதேசியார். மற்றவர்கள் யோவான், தானியேல் என்று வைத்துக்கொண்டிருக்க, யாரும் சீண்டாத ஒரு பெயரைத் தேடிப் பிடித்து மகனுக்கு வைத்தார். அர்த்தம் தெரிந்ததும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவர் தலையில் பையை ஏற்றினார்கள். அடிமைதானே, சுமக்கட்டும் என்று.

"மெட்ராசுக்கு ரயில் ஏறுனப்ப, அடிமைய ஊர்லயே விட்டுட்டு ராஜாவ மட்டும் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார்.

பிறகு கதையைச் சொன்னார். எரேமியா என்று ஒரு தீர்க்கதரிசி. இந்த நகரம் விழப்போகிறது என்று ராஜாவுக்குப் பிடிக்காததைச் சொன்னார். பிரபுக்கள் அவரைப் பிடித்துத் தண்ணீர் இல்லாத, சேறு மட்டும் இருந்த ஒரு குழிக்குள் இறக்கிவிட்டார்கள். உங்களை எதிர்த்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ராஜாவே அவர்களிடம் கையை விரித்துவிட்டார். அரண்மனையில் ஒரு வேலைக்காரன் இருந்தான், எத்தியோப்பியாக்காரன், வெளியூர் ஆள். அவன் காதுக்கு இது எட்டியது. ராஜா நகரத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே நேரே போய், இந்த மனிதர்கள் செய்தது தப்பு, அவர் செத்துப்போவார் என்று சொன்னான். பிரபுக்கள் சொன்னதற்குத் தலையாட்டிய ராஜா இவன் சொன்னதற்கும் தலையாட்டினார். அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். முதலில் போனது குழிக்கு இல்லை. ஒரு பழைய அறைக்குப் போய்க் கந்தலும் கிழிசலும் பொறுக்கினான். அதைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டு, அக்குளுக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்துக்கொள்ளச் சொல்லி, அப்புறம்தான் இழுத்தான்.

"சின்னப் பிள்ளையில அப்பாட்டக் கேப்பேன். நகரமே விழப்போவுது, கந்தத் துணிய எதுக்கு எழுதி வச்சாவன்னு. அப்பாவுக்கும் சொல்லத் தெரியல. அன்னைக்குக் குழி ஓரத்துல நிக்கும்போதுதான் எனக்கே விளங்கிச்சு."

"அந்தாளு நெஜப் பேரு இன்னா மேஸ்திரி?" என்று நான் கேட்டேன். ராஜாவின் அடிமை என்று எந்தத் தாயாவது பிள்ளையைக் கூப்பிடுவாளா?

"அதுதான் தெரியாது. இது பேருதானா, இல்ல அவன் பாத்த வேலையான்னே நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னு அப்பா சொல்லுவாவ. ராஜா பேரு இருக்கு, எரேமியாவக் குழியில போட்டவங்க பேரு இருக்கு. தூக்கினவன் சொந்தப் பேரு மட்டும் இல்ல."

பஷீர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அப்பால அந்த ராஜா அவன இன்னா பண்ணான்? ஸ்கிராப் யார்டுக்கு மாத்திட்டானா?" என்றான்.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். நகரம் சொன்னபடியே விழுந்ததாம். ராஜாவின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்களாம். ஆனால் இந்த வேலைக்காரனுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வாக்கு வந்தது, நீ பயப்படுகிறவர்கள் கையில் சிக்கமாட்டாய், உன் உயிர் உனக்குக் கிடைக்கும் என்று.

"பாத்தியா, அவனுக்கும் பயம் இருந்திருக்கு. பயந்துகிட்டேதான் வாசலுக்குப் போயிருக்கான்" என்றார் மேஸ்திரி.

அந்த வார்த்தையை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். சரி சார் என்று குழைகிறவன் கோழை என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அவர் பயந்தவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மேனேஜரும் பயந்தவர்தான், அவருக்கு மேலேயும் ராஜாக்கள் இருந்தார்கள். ஒரு பயந்தவர் இன்னொரு பயந்தவரிடம் போய்ப் பேசினார், என் மச்சான் பிழைத்தான். வீரன் யாரும் அன்றைக்கு அந்தக் கம்பெனியில் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கயிறு, சங்கிலி, கப்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். தேசிங்கு தன் அம்மாவின் பழைய நூல் புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தான். பஷீர் ஒரு கோணிப்பை எடுத்தான். புடவையை அதில் போட்டு, நாங்களும் ஆளுக்கொரு மெத்தென்ற துணி போட்டு, கயிற்றுக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தோம். "எபெத் மூட்டை" என்று பெயர் வைத்தது பஷீர்தான். யார்டிலிருந்து மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டினோம். பொட்டு வைத்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கப்பா பாத்தா என்ன சொல்லுவாவளோ" என்று சொல்லிப் பொரியை வாங்கித் தின்றார். அன்று முதல் ஒவ்வொரு பூஜைக்கும் கலாசிகள் ஆளுக்கொரு பழைய துணி போடுகிறார்கள். புதிதாக வந்தவர்களும் காரணம் தெரியாமலே போடுகிறார்கள் போலிருக்கிறது.

ஷர்மிளா, இப்போது உங்களிடம் உடம்பு முழுக்க மாட்டுகிற பெல்ட் இருக்கிறது, வாயு பார்க்கிற கருவி இருக்கிறது. நல்லது, அவற்றையே பயன்படுத்து. மூட்டையில் பாதியை எடுத்துவிட்டு மீதியைத் தீப்பிடிக்காத பெட்டியில் வை. அதன் மேல் பெயரை எழுதினால் இரண்டு பாதியையும் சேர்த்து எழுது.

மேஸ்திரி போன வருஷம் மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் காலமானார். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சிலுவையில் எபெத்மெலேக் என்று முழுப் பெயரையும் எழுதியிருந்தாள் அவர் மகள். கடல் பக்கம் என்பதால் குழியின் அடியில் ஈரம் ஊறிச் சேறாக இருந்தது. பெட்டியை இறக்கக் கல்லறை ஆட்கள் கயிற்றை எடுத்தார்கள். "அப்பாவோட ஆளுங்களே இறக்கட்டும்" என்றாள் மகள். நானும் பஷீரும் ஒரு பக்கம், தேசிங்கும் கேங்கில் இருந்த இன்னொருவரும் மறுபக்கம் பிடித்தோம்.

"இரு மாமா" என்றான் தேசிங்கு.

கையில் இருந்த கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பழைய நூல் புடவையை எடுத்தான். இரண்டாகக் கிழித்தான். மடித்து, பெட்டியின் இரண்டு பக்கமும் விளிம்பில் கயிறு அழுத்துகிற இடத்தில் வைத்தான். ஒரு பக்கம் நழுவியது. மறுபடி மடித்து, மறுபடி வைத்தான். போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"ஆரியா" என்றான் பஷீர், மெதுவாக.

கை கையாக விட்டோம். பெட்டி தரையைத் தொட்டதும் கயிறுகளை உருவி எடுத்தோம். துணி மட்டும் அவரோடு கீழேயே தங்கிவிட்டது.